குணாளன் அண்ணனின் வலது முழங்கை

குணாளன் அண்ணனின் வலது முழங்கையில் ஒரு நரம்பு மூன்று வருடமாகத் தடித்துக்கொண்டே வந்தது. அதை முதலில் கண்டுபிடித்த பெண்ணை நாங்கள் ஃபெயிலாக்கினோம். நாங்கள் என்றால் யார் யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் பெயரையும் விடாமல் சொல்கிறேன்.

நான் ராகினி. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் தேர்வுப் பிரிவு கிளார்க். செய்முறைத் தேர்வு நாளில் மாணவர்கள் அறை அறையாகப் போவார்கள். ஓர் அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் உள்ளே, மறுபடி அடித்தால் வெளியே. உள்ளே ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். நிஜ நோயாளி இல்லை. நல்ல உடம்போடு இருக்கிற சாதாரண ஆள். நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை மனப்பாடம் செய்து நோயாளி மாதிரி நடிப்பார். எங்கள் பட்டியலில் ஓய்வு பெற்ற டீச்சர் உண்டு, கோழிச்சோறு விற்கிற அம்மா உண்டு, பஸ் ஓட்டினவர் உண்டு. கை மூட்டுப் பரிசோதனைக்கு மட்டும் ஒரே ஆள்தான், குணாளன் அண்ணன்.

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மோட்டார்சைக்கிள் ஒர்க்‌ஷாப். ஐம்பத்து நான்கு வயது. ஒட்டிய உடம்பு, எலும்பெல்லாம் வெளியே தெரிகிற கை. எங்கள் மூட்டு டாக்டர் ஸ்ரீகரன் ஒருநாள் வண்டியை ரிப்பேருக்கு விட்டவர், அந்தக் கை இன்ஜினுக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். “அண்ணே, இது புத்தகத்துல போட வேண்டிய கை. எங்க பிள்ளைங்க தொட்டுப் படிக்கக் குடுங்க” என்று கேட்டாராம். அப்படித்தான் வந்தார். வந்தவர் பத்து வருடம் போகவே இல்லை.

அந்தக் கைதான் அவருக்கு எல்லாமே என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் எதுவும் பெரிதாகக் கிடையாது. ஓடுகிற இன்ஜின் மேல் விரலை வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவார். கண்ணுக்கு எட்டாத மூலையில் கையை விட்டு, நட்டை விரல் நுனியாலேயே தேடி முடுக்குவார். அந்தக் கை போனால் ஒர்க்‌ஷாப்பும் போச்சு.

படிக்காதவர் என்றாலும் எங்கள் பாடம் முழுக்க அவருக்கு அத்துப்படி. லத்தீன் பெயர்கள் மட்டும்தான் வராது. முழங்கையை மடக்கினால் பின்னால் ஒரு முனை, இரண்டு பக்கமும் இரண்டு மேடு. மூன்றும் சேர்ந்தால் முக்கோணம், கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் வரும். வெளிமேட்டுக்குச் சற்றுக் கீழே கட்டை விரலை வைத்து உள்ளங்கையைத் திருப்பச் சொன்னால், குட்டி எலும்பு ஒன்று விரலடியில் உருளும். உள்மேட்டுக்கும் பின்முனைக்கும் நடுவே ஒரு பள்ளம். மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு அதில்தான் ஓடுகிறது. மணிக்கட்டில் கட்டை விரலின் அடியில் ஒரு குழி. அங்கே அழுத்தி வலித்தால் எலும்பு முறிந்திருக்கலாம். மாணவன் விரல் அரை அங்குலம் தள்ளி விழுந்தாலும் அவர் முகம் சுருங்கிவிடும்.

மனுஷனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பயிற்சி வகுப்பில், “என் மூஞ்சியில என்னடா இருக்கு, விரல்ல பாரு” என்று அதட்டுவார். தேர்வில் அதட்ட முடியாது. தேர்வில் வசனத்துக்கு வெளியே ஒரு சொல் பேசக்கூடாது என்பது எங்கள் கல்லூரியின் இரும்புச் சட்டம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தாள் நிரப்புவார். கடைசியில் ஒரு வரி தன் அபிப்பிராயத்தையும் எழுதலாம். அந்த ஒரு வரிக்குக் கல்லூரியே நடுங்கும். “விரல் ஐஸ்.” “நகம் வெட்டச் சொல்லவும்.” “கையைப் பரிசோதித்தானா, கத்தரிக்காய் பொறுக்கினானா தெரியவில்லை.” அதைப் படித்துப் படித்து நான் சிரித்திருக்கிறேன். நல்லா சிரித்தேன், போங்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தத் தேர்வில், நேரம் பார்க்கிற பிள்ளை வரவில்லை. அதனால் அந்த அறையின் மூலையில் நான்தான் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். அன்று அண்ணனுக்கு நாங்கள் கொடுத்த நோய் வெளிமேட்டு வலி. வெளிப்பக்கம் அழுத்தினால் மட்டும் “ஆ” என்று சொல்ல வேண்டும். வேறு தொந்தரவு உண்டா என்று எப்படிச் சுற்றிக் கேட்டாலும் “இல்லை” என்ற ஒரே பதில்தான். அதைத் தாளில் கோடு போட்டு எழுதியிருந்தோம்.

பதினோராவதாக வந்தவள் தனுஜா. பாலிக் புலாவ் ஊர்ப் பெண், குட்டையாக இருப்பாள். உள்ளே வந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி. வெளிமேட்டை ஒரே தொடலில் பிடித்தாள், இவர் “ஆ” என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் முழு மார்க். அவள் நிறுத்தவில்லை. விரல் உள்பக்கம் போனது. அந்தப் பள்ளத்தில் நின்றது. இரண்டு அங்குலம் மேலே ஏறி, மறுபடி இறங்கி வந்தது. இடது கையையும் கேட்டு வாங்கினாள். இரண்டு முழங்கையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரலை மட்டும் உருட்டினாள். பாவம், வழி தெரியாமல் திணறுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அங்கிள், இந்தக் கையில சுண்டு விரல் மரத்துப் போற மாதிரி இருக்கா? சூடு தெரியுதா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார் அண்ணன்.

அப்போதே இரண்டு மாதமாக அவருக்குச் சுண்டு விரலில் சூடு தெரியவில்லை. இதை இரண்டு வாரத்துக்கு முன்தான் என்னிடம் சொன்னார். ஆனால் தாளில் “இல்லை” என்று இருந்தது, அவரும் “இல்ல” என்றார். சும்மா சொல்லவில்லை. புருவத்தைச் சற்றே தூக்கி, இந்தக் கேள்வி எதற்கு என்கிற மாதிரி, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நல்ல நடிகர். வருடா வருடம் நாங்களே அவருக்குப் பிரஷர், சுகர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, நல்ல உடம்பு என்று சீல் அடித்துக் கொடுக்கிறோம். காலேஜே நார்மல் என்கிற கையைப் பற்றி அவர் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அந்தச் சோதனையில் யாரும் முழங்கையைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

தேர்வாளராக உட்கார்ந்திருந்த டாக்டர் ஸ்ரீகரன் அவளிடம் என்ன கண்டாய் என்று கேட்டார். வெளிமேட்டு வலியைச் சொன்னாள். பிறகு, “வலது பக்கம் உள் நரம்பு தடிச்சிருக்கு சார். தோலையும் உணர்ச்சியையும் சோதிச்சுப் பார்க்கணும்” என்றாள்.

“உறுதியா சொல்றீங்களா?”

“ஆமா சார்.”

தேர்வாளர் நோயாளியைத் தொடக்கூடாது, அதுவும் சட்டம். ஸ்ரீகரன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார். மணி அடித்தது. அண்ணன் தன் தாளில் எழுதினார்: “இல்லாத நோயை இருக்கிறதாகச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்துகிறாள்.” தேர்வாளரும் நோயாளியும் ஒரே குறையைச் சொன்னால், மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் அந்த அறை ஃபெயில். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுத வேண்டும். அந்தத் தாளை ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்த்தவள் நான்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாள் தனுஜா என் கவுண்ட்டருக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானம். “அக்கா, மார்க்குக்காக வரல. அந்த அங்கிளை ஒரு தடவ தோல் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நான் சொன்னா தப்பாயிடும், நீங்க சொல்லுங்க” என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தேன். “அப்பீல் பண்றதுனா ஃபார்ம் இருக்கும்மா. நோயாளிங்கள வச்சு விளையாடாதீங்க” என்றேன். மார்க்கைத் திருப்பி வாங்கப் போடுகிற நாடகம் என்று நினைத்தேன். எத்தனை நாடகம் பார்த்தவள் நான். அவள் “சரிக்கா” என்று போய்விட்டாள். அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் கோபப்படுவார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அவள் ஃபெயிலானது பிள்ளைகளிடம் பரவிவிட்டது. குணாளன் அங்கிள் ரூமில் உள்பக்கம் ஒன்றும் இல்லை, தேடினால் மாட்டிக்கொள்வாய் என்று சீனியர் ஜூனியருக்குச் சொல்ல, வாட்ஸ்அப்பில் வருடா வருடம் கைமாறியது. அடுத்த தேர்விலும் அந்த மூலையில் நான் உட்கார்ந்தேன். அஃபிக் என்று ஒரு பையன், கெட்டிக்காரன். அவன் விரல் அந்தப் பள்ளத்துக்கு வந்ததும் நின்றது. நான் பார்த்தேன். அவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான், ஸ்ரீகரன் முகத்தைப் பார்த்தான். நெருப்பைத் தொட்டவன் மாதிரி விரலை எடுத்துக்கொண்டு, “உள்பக்கம் நார்மல்” என்றான். முழு மார்க். அண்ணன் எழுதினார்: “நல்ல கை.” அவனுக்குப் பிறகும் வந்தார்கள். மூன்று வருடத்தில் இருநூறு பேராவது அந்த முழங்கையைத் தொட்டிருப்பார்கள். எத்தனை விரல் அங்கே நின்று நகர்ந்ததோ, எனக்குத் தெரியாது. நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தன் பாட்டுக்குக் கெட்டுக்கொண்டு வந்தது. டீ கிளாசை இடது கையில் பிடிக்க ஆரம்பித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை வற்றிப் பள்ளமானது. வயசாகுது லா என்றார். சுண்டு விரலும் மோதிர விரலும் நீட்டினாலும் முழுக்க நீளவில்லை. பழைய அடி என்றார். கையோரத்தில் ஒரு காயம் ஆறுவதற்குள் இன்னொன்று வரும். மோட்டார் ஒர்க்‌ஷாப்காரன் கையில் சூட்டுக் காயம் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருமுறை பெரிய கட்டோடு வந்தார், எக்ஸாஸ்ட் பைப்பில் பட்டதாம். “வலிக்கலயா அண்ணே?” என்று கேட்டேன்.

“வலியா? இது பழகின கைமா. இதுக்கெல்லாம் அசையாது” என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், மனைவி சந்திரிகா அக்கா சோறு எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறார். அண்ணன் ஒரு வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாராம். வலது கை சும்மா வண்டியின் மேல் சாய்ந்திருந்தது. “சந்திரிகா, என்னமோ கருகுது, பாரு” என்று மூக்கை உறிஞ்சி, தலையைத் திருப்பி, சுற்றுமுற்றும் தேடினாராம். வயரா, ரப்பரா என்று கேட்டாராம். அக்கா பார்த்துவிட்டார். சோற்றுப் பாத்திரம் கீழே விழுந்தது. அவர் கைதான் எக்ஸாஸ்ட் பைப்பின் மேல் இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். காயத்தைச் சுத்தம் செய்தவர், விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். முழங்கையை மடக்கி, உள்மேட்டுக்குப் பின்னால் விரலை வைத்தாராம். “கை மரத்துப் போகுதா?” என்று கேட்டார்.

“இல்ல” என்றார் அண்ணன்.

“சூடு, குளிர் தெரியுதா? பொருள் கை நழுவிப் போகுதா?”

“இல்ல டாக்டர். வேற தொந்தரவு ஒண்ணும் இல்ல.”

எங்கள் தாளில் இருக்கிற அதே வார்த்தை. பத்து வருடமாக, இந்தக் கையைப் பிடித்து யார் கேட்டாலும் அவர் வாய் அதைத்தான் சொல்லிப் பழகியிருந்தது. சந்திரிகா அக்கா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாராம். “இங்க யாருக்கு நடிக்கிறீங்க?” என்றாராம். அதன்பிறகுதான் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “மரத்துப் போகுது. மூணு வருஷம் இருக்கும்” என்றிருக்கிறார்.

தோலைக் கீறிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முதுகில் வெளிறின தடிப்பு ஒன்று இருந்தது, அவரால் பார்க்க முடியாத இடம். தொழுநோய். டாக்டர் மலாயில் “குஸ்தா” என்று மெதுவாகச் சொன்னபோது, சந்திரிகா அக்கா கேட்ட முதல் கேள்வி, “ஜெரெஜாக் தீவுக்கு அனுப்பிடுவீங்களா?” என்பதுதான். முன்பு தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த தீவு அது. அந்தக் காலம் எல்லாம் போய் எத்தனையோ வருடம் ஆச்சு என்று டாக்டர் தேற்றினார். மாத்திரை ஆரம்பித்துச் சில நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது, ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டால் கிருமி ஒழியும், வேலைக்குப் போகலாம், வீட்டில் எல்லோரோடும் இருக்கலாம் என்றார். அக்காவையும் மகளையும் சோதித்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

“விரல்?” என்று கேட்டிருக்கிறார் அண்ணன்.

“ஆரம்பத்துலயே வந்திருந்தா நரம்பக் காப்பாத்தியிருக்கலாம். இப்போ இதுக்கு மேல போகாம தடுக்கலாம். போன உணர்ச்சி திரும்புறது கஷ்டம்” என்றாராம் டாக்டர்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். மாத்திரையால் முகம் கறுத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். நட்டு கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது, அப்படி ஒரு வேலை எதற்கு என்றார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு நான் எழுதுன தாள் இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தன் கையெழுத்தைத் தானே வெகுநேரம் படித்தார். “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?”

“பாஸ் பண்ணிடுச்சு அண்ணே. பிறை ஊர்ப் பக்கம் கிளினிக்ல வேல.”

“நல்லதா போச்சு. நான் இப்படி எழுதாம இருந்திருந்தா, யாராச்சும் ஒருத்தர் சந்தேகப்பட்டிருப்பாங்க. என் கையை நானே ஃபெயிலாக்கிட்டேன், ராகினி.”

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பழி முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார், நான் தப்பித்திருப்பேன். ஆனால் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ரிசல்ட் வந்த மறுநாள் அவள் இதே கவுண்ட்டரில் நின்றதையும், தோல் டாக்டரிடம் போகச் சொல்லக் கெஞ்சியதையும், நான் ஃபார்ம் நீட்டியதையும் சொன்னேன். அழுதேன். அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். விரல் ஐஸாக இருந்ததற்கே திட்டுகிற மனுஷர். அவர் கத்தவில்லை. இடது கையால் வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், மடக்கினார், கவுண்ட்டர் மேல் வைத்தார்.

“தொட்டுப் பாரு” என்றார்.

இத்தனை வருடம் பழகியும் நான் அந்தக் கையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தொற்றாது என்று எனக்குத் தெரியும், டாக்டர் சொன்னதை அண்ணன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இருந்தும் என் கை மடியைவிட்டு எழவில்லை. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. கையை நீட்டி, உள்மேட்டுக்குப் பின்னால் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன்.

எனக்கு எட்டு நிமிடம் ஆகவில்லை. எட்டு வினாடிகூட ஆகவில்லை. தோலுக்கு அடியில் கிளட்ச் கேபிள் மாதிரி தடியாக ஒன்று விரலில் வழுக்கி உருண்டது. மருத்துவம் படிக்காத, ஃபைலுக்கு ஓட்டை போடுகிற என் விரலுக்கே அது அகப்பட்டுவிட்டது.

“இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு அண்ணே” என்றேன்.

அவர் தலையாட்டினார். சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பட்டனைப் போட முயன்றார். பழகாத இடது கையில் அது மூன்று தடவை நழுவியது. நான் போட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பட்டன் போடாமலேயே வெளியே போனார்.